தும்மல் தூரம்

பக்கத்தில் யாராவது தும்மினால் என் கால்கள் தாமாகவே பின்னால் போகும். பஸ்ஸில், கோயிலில், துக்க வீட்டில்கூட. தும்மியவர் வெறும் ஜலதோஷக்காரராக இருக்கலாம். நானோ என் சட்டையிலிருந்து கிளம்பிய மிளகாய் நெடிதான் என்று நினைத்து ஒதுங்குவேன். பந்தல்குடியில் மாவு மில் வைத்ததில் எனக்குச் சேர்ந்த பழக்கம் இது. சொந்தத் தொழில் தொடங்கக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்கு லைசென்ஸ், த்ரீ ஃபேஸ் கரெண்ட், மோட்டார் பற்றியெல்லாம் சொல்ல ஆள் உண்டு. மற்றதை நான் சொல்கிறேன்.

1. மங்களகரமான தொடக்கம்

மில்லுக்கு முன் வளைகுடாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. மகள் நிவேதா வளர்ந்ததெல்லாம் செல்போன் திரைக்குள். அவளுக்குப் பல் விழுந்ததும் முளைத்ததும் எனக்குத் திரையில்தான். ஒரு முறை லீவில் வந்து வீட்டு வாசலில் நிற்கிறேன். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "அம்மா, யாரோ வந்திருக்காக. அப்பாவுக்குப் போனப் போடு."

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி மகளுக்குப் பக்கத்திலேயே பிழைப்பு.

ஒரு பல்வரைசர் வாங்கினேன். உள்ளே இரும்புத் துண்டுகள் சுழன்று, போட்டதைப் பொடியாக்கி, சல்லடை வழியாகத் துணிப்பைக்குள் தள்ளும் மிஷின். ஒன்றே ஒன்றுதான் வாங்கினேன். என் கதை முழுக்க அந்த ஒன்றுக்குள் இருக்கிறது.

திறப்பு நாளில் என் மனைவி பூமாரியின் அண்ணன் தங்கப்பாண்டி ஒரு சாக்கு மஞ்சளோடு வந்து இறங்கினார். "மாப்ள, மொதப் பொடி மஞ்சளா இருக்கட்டும். மங்களகரம்." எனக்கும் அது சரியாகவே பட்டது. சூடம் காட்டி, மஞ்சளை அரைத்து, எல்லார் நெற்றியிலும் பூசினோம். பிறகு, முதல் நாள் கூலி இல்லை என்று தெரிந்து பச்சரிசியோடு திரண்டு வந்த அத்தனை பெண்களுக்கும் அதே மிஷினில் மாவு அரைத்துக் கொடுத்தோம்.

மறுநாள் காலை, எதிர்த்தெரு குருவம்மா அக்கா ஒரு தட்டோடு வந்தார். "ஏந்தம்பி, இது இடியாப்பமா, தாலிக்கயிறா? எம் புருசன் தட்டப் பாத்துட்டு, யாருக்குடி கல்யாணம்ங்கிறாரு."

மச்சான் அசரவில்லை. "நெறத்துல என்னக்கா குத்தம்? லச்சுமிகரமா இருக்கு."

"அப்ப நீயே உக்காந்து தின்னு, லச்சுமி."

தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் தின்றார்.

2. நீங்க முன்னால போடுங்க

மஞ்சள் போனது. மிளகாய் வத்தல் சீசன் வந்தது. எங்கள் கரிசலில் மழை ஏமாற்றினாலும் மிளகாய்க்குக் காரம் ஏமாற்றாது. சாக்குச் சாக்காக வத்தலும் மல்லியும் அரைபட்டன. அந்த நெடியில் வானமே தொண்டையைச் செருமுவது போல இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்ததாக விழும் மாவு சிவக்கும், உறைக்கும். அந்த அடுத்த ஆளாக இருக்க யாரும் தயாரில்லை.

"மதினி, அவசரமாப் போகணும்னீகளே, நீங்க முன்னால போடுங்க."

"எனக்கென்னடி அவசரம்? ஒம் மாமியாதான் தேடும். நீ போடு."

"மாமியா ஊருக்குப் போயிருக்கு. நான் சாய்ங்காலம் வரைக்கும்கூட இருப்பேன்."

பந்தல்குடி முழுக்க, ரோட்டில் லாரிகள் உட்பட, முந்துவதற்குச் சண்டை போடும். என் மில்லில் மட்டும் பிந்துவதற்குச் சண்டை. கடைசியில் வழக்கம் இப்படி ஆயிற்று: வத்தல் முடிந்ததும் என் சொந்த அரிசியைப் போட்டு மிஷினைத் துடைப்பேன். துடைத்த மாவு என் வீட்டுக்குப் போகும். பூமாரி அதில் சுட்ட தோசை, அந்தி வானத்தை வட்டமாக நறுக்கியது போல இருக்கும். பார்க்க அழகுதான். தொட்டுக்கொள்ளத் தயிர் வேண்டும்.

"ஊருக்கே வெள்ள மாவு அரைக்கிற மொதலாளி வீட்டுல செவத்த தோச" என்பாள். "வெளிய சொல்லிராதீக, கண்ணு பட்ரும்."

3. சுவர்

எனக்கும் பூமாரிக்கும் காரம் பழகிவிட்டது. நிவேதாவுக்குப் பழகவில்லை. நான் நடையேறினாலே தும்ம ஆரம்பிப்பாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சு முட்டும். கொல்லையிலேயே குளித்து வேட்டி மாற்றிப் பார்த்தேன். மிளகாய் தலைமுடிக்குள், நகத்துக்குள், காது மடலுக்குள் குடியிருந்தது. அருப்புக்கோட்டை டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "பாப்பாவுக்கு ஒத்துக்கல. நீங்க கொஞ்சம் தள்ளியே இருங்க."

அதனால் என் சாப்பாடும் படுக்கையும் வாசலை ஒட்டிய முன்பத்திக்கு வந்தன. அவள் உள்ளறையில். நடுவில் ஒரு செங்கல் சுவர். சாப்பிட்டு முடித்ததும் எனக்குப் போன் வரும். அதே வீடியோ கால்.

"அப்பா, அந்தூர்ல மழையா?"

"இல்லத்தா. மோடமாத்தான் இருக்கு."

"இங்கயும் அப்படித்தாம்ப்பா" என்று சிரிப்பாள். சிரிப்பு போனில் ஒரு முறையும், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு முறையும் கேட்கும். கடலைத் தாண்டி வந்தவன் ஒரு சுவரிடம் தோற்று உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "மில்ல மூடிருவமா?"

திரையில் அவள் முகம் மாறியது. "மூடுனா திரும்ப பிளேன் ஏறிருவீக. அதுக்கு இந்தச் செவுரே தேவல."

மிளகாய்க்கென்று தனி மிஷின் வாங்கினேன். வீட்டுத் தோசை வெளுத்தது. ஆனால் இரண்டு மிஷினுக்கும் ஆள் நான் ஒருவன்தான். தும்மல் தூரம் குறையவில்லை.

லாபமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஷேர் ஆட்டோவில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். மந்திரிக்குக்கூட அது கிடைக்காது.

4. பஸ் ஸ்டாண்டு

நிவேதாவுக்குக் கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்தது. ஹாஸ்டல். பூமாரி கூடப் போய் விட்டு வருவது என்று ஏற்பாடு. மில்லைப் பார்க்க வேறு ஆளில்லை, நான் போக முடியாது. கம்பெனிக்காரன்கூட எனக்கு லீவு கொடுத்தான். இந்த முதலாளி கொடுக்கவில்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவர்களை ஏற்றிவிட்டு வழக்கமான தூரத்தில் நின்றேன். பஸ் கிளம்பும்போதுதான் பூமாரி தண்ணீர் பாட்டிலை என்னிடமே விட்டுவிட்டது தெரிந்தது. ஓடிப்போய் ஜன்னலில் நீட்டினேன். நிவேதா வாங்கினாள். தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

பூமாரி எழுந்துவிட்டாள். "ஒத்தத் தும்மலு! சகுனம் சரியில்ல. எறங்குடி, அடுத்த பஸ்ஸுல போவோம்."

"யம்மா, எறங்குறதுன்னா சட்டுன்னு எறங்கு" என்றார் கண்டக்டர். "தும்மலுக்கெல்லாம் ஸ்டாப்பிங் கெடையாது."

பின் சீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "ரெட்டத் தும்மல்னா நல்லதுதானக்கா. இன்னொண்ணு தும்மிட்டாச் சரியாப் போச்சு."

நிவேதா மூக்கைச் சுருக்கி முயன்றாள். வரவில்லை. நான் அதற்குள் என் தூரத்துக்குத் திரும்பியிருந்தேன். இத்தனை வருஷம் எந்தத் தும்மலைத் தவிர்க்க ஒதுங்கி நின்றேனோ, அது வேண்டும்போது வரமாட்டேன் என்கிறது.

அவள் படியிறங்கி நேரே என்னிடம் வந்தாள். நான் இன்னும் பின்னால் போனேன். டீக்கடைச் சுவர் முதுகில் இடித்தது. அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஏம்ப்பா இன்னும் ஓடுறீக? இன்னொரு தும்மல் வேணும். கிட்ட வாங்க."