பொங்கலுக்குத் திரும்பி வந்த தட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக்காரிக்கு என் கோழிகளைக் கண்டாலே ஆகாது. விடிந்தால் என்னை ஏசத் தொடங்கிவிடுவாள். சிவப்புச் சேவலுக்குக் கொஞ்சம் திமிர்தான், மற்றதெல்லாம் பாவம்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளோடு சமாதானமாகாமல் கண்ணை மூடக்கூடாது என்பது என் ஆசை.

"ஆண்டவரே, அவ வாயக் கட்டுங்க" என்று ஜெபித்தேன். நடக்கவில்லை. "அப்ப என் வாயையாவது கட்டுங்க" என்றேன். அதைக் கேட்டார்.

நத்தார் பெருநாளுக்கு லுணுகலை டவுனில் வாங்கிய கேக்கைத் தட்டில் வைத்து அவளிடம் கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கினாள். அப்புறம் தட்டு வரவே இல்லை.

"கேக்கும் போச்சு, தட்டும் போச்சாம்மா?" என்று மகள் சிரித்தாள்.

நான் கேட்கப் போகவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவளைப் பார்த்தால், "சாப்பிட்டியா தங்கச்சி?" என்பேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

தைப்பொங்கலன்று அவளே வாசலில் நின்றாள். கையில் என் தட்டு, அது நிறையச் சர்க்கரைப் பொங்கல்.

"வெறுந்தட்ட எப்பிடிக்கா குடுக்கிறது? பொங்கட்டும்னு வச்சிருந்தேன். ஒங்க கேக்குல சீனி கூடிப்போச்சு. அந்தச் செவப்புச் சேவலக் கட்டி வைங்க."

இத்தனை வருசமும் 'கோழிக்காரி' என்றவள் என்னை அக்கா என்கிறாள்!

"கட்டி வச்சிடுறேன் தங்கச்சி, உள்ள வா, தேத்தண்ணி குடிப்போம்" என்றேன். வந்து உட்கார்ந்தாள். தேத்தண்ணியிலும் குறை சொன்னாள்.