நாற்பத்து மூன்றில் ஒன்று

சந்தைத் திடலில் வெய்யோ பட்டாணி சூப் கிளறிக்கொண்டிருந்தார்.

பதினாறு வருஷம் ஹெல்சிங்கி நாடாளுமன்றத்தில் எங்கள் தொகுதிக்காக உட்கார்ந்தவர். அத்தனை வருஷமும் ரைலியாகிய நான்தான் கட்சிக் கிளைச் செயலாளர். தேர்தல் வந்தால் அவர் கூடாரம் போட்டு ஊருக்கே இலவசமாக சூப் ஊற்றுவார். நான் நோட்டீஸ் எழுதுவேன். ‘நம் சதுப்பு நிலத்தைத் தொடவிடமாட்டேன்’ என்பது நான் எழுதிக் கொடுத்த வரி. போன தேர்தலில் நாற்பத்து மூன்று ஓட்டில் தோற்றார். ஒரு காற்றாலைக் கம்பெனி உடனே கூப்பிட்டுக்கொண்டது. மூளைக்காகவா கூப்பிட்டார்கள்? ஊருக்குத் தெரிந்த முகத்துக்காக.

இப்போது அதே சதுப்பில் காற்றாலை வர வேண்டுமாம். நிலக்காரர்கள் ஐந்து பேரும் இன்றைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் மறுத்தாலும் திட்டம் போச்சு, வெய்யோவின் வேலையும் போச்சு. அந்த ஐவரில் நானும் ஒருத்தி.

மற்ற நால்வரும் வந்தார்கள், ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தார்கள். “சூப்பு நல்லாருக்கு. கடுகு விழுதுதான் கொஞ்சம் கம்மி. கையெழுத்தா? பாப்போம்” என்று சொல்லிவிட்டு அவர்களில் ஒருவனான சூலோ நடந்தான். மற்றவர்களும் அவன் பின்னாலேயே போனார்கள்.

“பாத்தியா ரைலி, ஒருத்தன்கூட வேண்டாம்னு சொல்லல!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்கள் ஒரே நாளில் மூன்று கட்சிக் கூடாரத்திலும் சூப் குடித்துவிட்டு நாலாவது கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். இது இவருக்குத் தெரியாதா? கம்பெனி கோட்டு போட்டால் புத்தியும் மாறிவிடுமா?

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “முதல்ல நீ போடு. நீ போட்டா அவங்களும் போடுவாங்க. அறுபத்தோரு வயசுல வேற யாரு எனக்கு வேலை தருவா?”

பேனாவை எடுத்தேன். ஓட்டுச்சாவடியில் திரை இருக்கும். இங்கே எதிரில் அவர் முகம் இருந்தது.

“என்னால முடியாது, வெய்யோ.”

“என்ன பேச்சு இது? எல்லாத் தேர்தல்லயும் எனக்குத்தானே ஓட்டுப் போட்ட?”

“கடைசித் தடவை போடல. அந்தச் சதுப்பு வரிய நோட்டீஸ்லேருந்து எடுக்கச் சொன்னியே, அன்னிக்கே மனசு விட்டுப்போச்சு.”

“தேர்தல் அன்னிக்குப் பூரா என் பக்கத்துல நின்னு சூப் ஊத்துனியே!”

“ஊத்தினேன்.”

காகிதத்தை இழுத்து மடித்தார்.

“அந்த நாப்பத்து மூணுல நீயும் ஒண்ணா” என்றார் கடைசியில்.

பேனாவை வாங்கி மூடினார். பானையின் அடியில் மிச்சமிருந்ததை வழித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கடுகு விழுது வைத்து, என் முன்னால் தள்ளினார்.

“ஆறிடும். சாப்பிடு.”

அழுதுகொண்டே சாப்பிட்டேன்.