பிரியாணிக் கடை கல்லாவில் ஒரு நாவல்

இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். பஸ் ஹாரனில் நான் பேசுவது கேட்காது. பதினாலு பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு நாவல் எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டம். மாப்பிள்ளை சரியில்லை என்றால் ஒரு வீடுதான் முகத்தைத் தூக்கும். நாவல் சரியில்லை என்றால் அப்பன், ஆத்தா, டீச்சர், பிள்ளை எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்குப் புத்தகம் விடுகிறேன். நான் படித்தது அஞ்சாப்பு. எழுத்துக் கூட்டி ஒரு நாவலை முடிப்பதற்குள் தீபாவளி வந்து பொங்கலும் போய்விடும். அதனால் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: "சாப்புட்டுக்கிட்டே படிக்கையில, எந்த எடத்துல சோத்துக்கு வச்ச வெஞ்சனத்தத் தொடாம விட்ட?" பதில் வந்தால் அது நல்ல நாவல். "எல்லாத்தையும் சாப்டேனே" என்றால் அடித்தட்டுக்குத் தள்ளிவிடுவேன். வீட்டில் அந்த வயசில் ஒன்று வைத்திருப்பவர்களுக்கு மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவு

நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருத்தர். மகளுக்கு ஸ்கூல் துணி எடுத்த பையோடு அப்படியே என் கடைக்குள் வந்தார். "ஏனுங்க, பாப்பாவுக்குப் பதிமூணு வயசுங்க. அதுக்குத் தகுந்தாப்பல ஒரு நாவல் எடுங்க" என்றார். பாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். தெரியாது. இதற்கு முன்னால் என்ன படித்தாள்? தெரியாது. வயசு மட்டும்தான் தெரியும்.

பதிமூணு வயசுக்குத் தோதாக ஒன்றை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மனசே வரவில்லை. "வளர்ற புள்ளைங்க. கொஞ்சம் பெரிசாவே எடுங்க, ரெண்டு வருசம் தாங்கட்டும்" என்றார்.

பேய் வரும்வரை

பத்தாப்புப் பையன் ஒருத்தனுக்குப் பேய் நாவல் வேண்டும். அலமாரியெல்லாம் துழாவி, முதுகு பிடித்துக்கொள்ள, தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே கொண்டுவந்து மேசையில் பொத்தென்று போட்டான். "ஏன்டா அப்பு, பேய் பயமுறுத்தலையா?" என்றேன்.

"பேய் எங்க பெரியம்மா வருது? மாமியா மருமக சண்டையே அறுபது பக்கம் ஓடுது. அத நான் எங்க வீட்டுலயே பாத்துக்கிற மாட்டேனா?"

நல்ல பையன்

டீச்சர் ஒருத்தர் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாவல் கேட்டு வந்தார். கதாநாயகன் பொய் சொல்லக் கூடாது. சுவர் ஏறிக் குதிக்கக் கூடாது. பெற்றவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது. ஒரு பெண்பிள்ளை எதிரில் வந்தால் அவன் வேறு பக்கம் பார்க்க வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. "டீச்சர், அம்புட்டு நல்லவனப் பத்தி எரநூறு பக்கத்துக்கு எழுத என்ன இருக்கு?" என்றேன்.

டீச்சர் விடவில்லை. "அப்ப அம்பது பக்கத்துல இருந்தாக்கூடப் போதும்."

ரிஸ்வானா

இத்தனை கூத்துக்கு நடுவில் நான் கடை நடத்தியதே ரிஸ்வானாவை வைத்துத்தான். பதினோராம் வகுப்பு. சந்து முனையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் மகள். அவள் படித்துவிட்டுச் சொன்னால் அது தப்பாது. "பெரியம்மா, இத ஒம்பதாப்புக்குக் குடுங்க. எட்டாப்புக்குக் குடுத்தா ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாப் போகாது" என்பாள். அதை நான் அப்படியே அடுத்தவர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

அரைப் பரீட்சையில் அவளுக்குக் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. காதர் பாய் கடைக்கே வந்தார். "அக்கா, கணக்குப் புத்தகத்துக்குள்ள ஒங்க நாவல வச்சுப் படிச்சுக்கிட்டு இருக்கா. புடுங்கிக் கல்லாவுல போட்டுட்டேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டா. வந்தாலும் நீங்க குடுக்கக் கூடாது" என்றார். அது ஒரு கொலைக் கதை. வேறு பிள்ளைகள் அதற்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

அந்தப் பிள்ளை சந்தில் தலை நிமிராமல் போய் வந்தது. எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. சிரிப்புக் கதை என்று நான் எடுத்துக் கொடுத்ததைப் படித்துவிட்டு, ஒரு பையன் வீட்டில் குப்புறப் படுத்து அழுதிருக்கிறான். அவன் ஆத்தா வந்து என்னைப் பிடிபிடி என்று பிடித்தாள். இப்படியே போனால் என்னை நம்பி எந்தப் பிள்ளை வரும், சொல்லுங்கள்.

ஒருநாள் மத்தியானம், பிரியாணிக் கடையில் கூட்டம் நிற்கும் நேரம், காதர் பாய் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னக்கா கடை நடத்துறீக? கடைசிப் பக்கங்களையே காணோம்!"

"அங்க வரைக்கும் நீங்க எதுக்குப் போனீக பாய்?"

"என்ன கருமத்தப் படிக்கிறான்னு பாக்கத்தான் பிரிச்சேன்... தம் போட்டத மறந்துட்டேன்க்கா. அண்டா அடிப்பிடிச்சுப் போச்சு."

வெஞ்சனத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அண்டா பிரியாணியை விட்டவர் இவர்தான்.

"அந்த டாக்டரு கொன்னானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"நான் எங்க படிச்சேன்? படிச்சது ஒங்க மகதான்."

கரண்டியைப் பார்த்தார். சந்தைப் பார்த்தார். திரும்பித் தன் கடைக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் ரிஸ்வானா தலையை நிமிர்த்திக்கொண்டு என் கடைக்குள் வந்தாள். அவள் அத்தா காதர் பாய் வாசலில் நின்றார். "கணக்குல மார்க்கு கொறஞ்சா திரும்ப நிறுத்திருவேன்" என்று சும்மா ஒரு தடவை உறுமினார்.

"பக்கத்த நீதான் கிழிச்சியா?" என்று அவளிடம் மெல்லக் கேட்டேன். என் புத்தகம், எனக்கு வயிறு எரியாதா?

"ஐயோ, இல்ல பெரியம்மா. தையல் விட்டுக் கெடந்துச்சு. அத்தா புடுங்குனப்ப அந்தப் பக்கமெல்லாம் கணக்குப் புத்தகத்துலயே தங்கிருச்சு. நான் வாயத் தொறக்கல, அம்புட்டுத்தான். இங்க வர விடுறேன்னு சொன்னப்புறம் அத்தாகிட்ட எடுத்துக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கவரை என் மேசை டிராயருக்குள் தள்ளினாள். "டாக்டரு விசயம் இருக்கிற கடைசித் தாளு மட்டும் இதுல இருக்கு. முழுப் பரீட்சை முடியிற வரைக்கும் அத்தா மனசு மாறக் கூடாதுல்ல? யாரு கேட்டாலும் குடுத்துராதீக."

பதினாறு வயசுக்கு நாவல் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பதினாறு வயசுதான், அதுவும் இத்தனை வருசமாகப் புத்தகம் கொடுத்த என்னையே நம்பாமல் கவரைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டித்தான் கொடுத்திருக்கிறது.