நெட் எத்தனை மீட்டர்?

ஒன்பது மணிக்கு ஒரு கோடு, பத்து மணிக்கு ஒரு கோடு. டெய்லர் அக்கா தைத்துக்கொண்டிருந்த பேன்ட்டை அப்படியே ஊசிக்கடியில் விட்டுவிட்டு மாடிப்படி ஏறுகிறார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே முடிகிறதோ, அங்கே துணியில் குறி போடும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மணியையும் எழுதிவிட்டு இறங்குகிறார். ஒரு வாரமாக இப்படித்தான். சோலார் பலகை ஒன்றின் மூலையில் நிழல் விழுந்தாலே பக்கத்தில் இருக்கிற பலகைகளும் சோர்ந்துபோகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். “ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா வீடே படுத்துக்குமாம்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் வீட்டுக்காரருக்கு நுரையீரல் சரியில்லை. கடைக்குப் பின்னால் உள்ள அறையில், கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் அவர் மூக்குக்குப் போகும். மின்சாரம் போனால் மெஷின் நின்றுவிடும். அக்கா ஓடிப் போய்ச் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். அந்தத் தெருவிலோ மின்சாரம் போவதற்கு நேரம் காலம் கிடையாது. ஒருநாள் பட்டன் வாங்கப் போன கடையில் விளக்கு அணைந்தது. எடுத்து வைத்த பட்டனை மேசையிலேயே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓட்டமாக ஓடி வந்தார். சோலார் போட்டே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார். வீட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. “போனா போகட்டும், கொஞ்ச நேரம்தானே, நான் சமாளிச்சுக்குவேன்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புரியாத துணியில் அக்கா கத்தரி வைக்க மாட்டார். நனைத்துப் பார்ப்பார், சாயம் போகுமா என்று கசக்கிப் பார்ப்பார், யார் அவசரப்படுத்தினாலும் இரண்டு முறை அளப்பார். சோலாரையும் அப்படியே புரட்டிப் பார்க்கிறார். அதில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்றுதான் தெரிந்தபாடில்லை. அளவு நோட்டில், யாரோ ஒருவரின் தோள்பட்டை அளவுக்குக் கீழே, ‘கிலோவாட் என்றால் பலம், யூனிட் என்றால் வேலை’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். மறுநாள் பார்த்துவிட்டு இன்னொரு கேள்விக்குறியும் சேர்த்திருக்கிறார். வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்று சொன்ன சோலார் கம்பெனித் தம்பி, அதே மூச்சில் பலகை சூடானால் கரண்ட் குறையும் என்றும் சொன்னார். “வெயில் வேணும், ஆனா சூடு ஆகாதா? இது என்ன கூத்து தம்பி?” என்று அக்கா கேட்டதற்கு அவர் சிரித்ததோடு சரி.

தம்பி நல்ல பிள்ளைதான். ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்வார், கேட்டதற்கு மட்டும் சொல்ல மாட்டார். முதல் நாள் வந்தபோது, இதோடு நெட் மீட்டரும் வைத்துவிடுவோம் என்றார். அக்காவின் கடையில் நெட் என்றால் வலைத்துணி. பறவை எச்சம் விழாமலிருக்க மேலே வலை கட்டுவார்கள் போலிருக்கிறது என்று தாமாகவே முடிவு கட்டி, எத்தனை மீட்டர் வேண்டியிருக்கும் என்று கேட்டார்.

“ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் போதும்கா.”

“அகலம்?”

“சின்னதுதான். கீழேயே சுவத்துல மாட்டிடலாம்.”

ஒரு மீட்டர் வலையைக் கீழே சுவரில் மாட்டி, மாடியில் இருக்கிற பலகையை எப்படிக் காப்பாற்றுவது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் பண்ணுகிறான் என்று கடைசியில் தோன்றிவிட்டது. நல்ல வெள்ளை நெட்டில் மூன்று மீட்டர் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, தயாராக வைத்துவிட்டார். அடுத்த முறை வந்த தம்பி அதைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். நாம் தெருக்கம்பிக்கு அனுப்புகிற கரண்ட்டையும் அதிலிருந்து வாங்குகிற கரண்ட்டையும் பதிவு செய்கிற பெட்டிக்குத்தான் அந்தப் பெயர் என்பது அப்புறம்தான் விளங்கியது.

“அது இருக்கட்டும். கரண்ட் போனா இது ஓடுமா?” இதுதான் அக்காவின் ஒரே கேள்வி. பகல் முழுக்க உங்கள் கரண்ட்தான் என்றார் தம்பி. இருபத்தைந்து வருடம் உழைக்கும் என்றார். ஓடும் என்றும் சொல்லவில்லை, ஓடாது என்றும் சொல்லவில்லை. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் ஒரு குடும்பம் மாடியில் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சட்டைத் தையல் சரியில்லை என்பது மட்டும் அக்காவுக்குப் புரிந்தது.

நேற்று மதியம் பொறுமை போய், தம்பியையும் இழுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு அச்சகத்துக்குப் போனார். அங்கே போன வாரம்தான் பலகை போட்டிருந்தார்கள். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துக் காட்டச் சொன்னார். அச்சகக்காரரும், பாருங்கள் வேடிக்கையை என்று பெருமையாக அணைத்தார். அச்சு மெஷின் நின்றது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி அதுவும் நின்றது. அச்சகக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

“வெளியில வெயில் தோலை உரிக்குது. கரண்ட் எங்க போச்சு தம்பி?”

தம்பி தலையைச் சொறிந்தார். தெருக்கம்பியில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் இதுவும் தானாகவே நின்றுவிடும் என்றார். நிற்காவிட்டால் நம் வீட்டுக் கரண்ட் கம்பியில் ஏறி, கம்பத்தில் நின்று பழுது பார்க்கிறவரின் உயிரை எடுத்துவிடுமாம். அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

“நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்லிட்டிருந்தே?”

“பேட்டரி வெச்சா ஓடும்கா. அது வேற செட்டு. எவ்வளவு பெரிய பேட்டரின்னு பார்க்கணும். உங்க மெஷின் எத்தனை வாட்?”

அக்காவுக்குத் தெரியவில்லை. பதினான்கு மாதமாக அந்த மெஷினின் சத்தத்தில் பிசிறு தட்டினாலே எழுந்து ஓடுகிறவர், அதன் முதுகைப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போனார். வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்கா தரையில் மண்டியிட்டு, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வலது கையை விட்டு அதை மெல்லத் திருப்பப் பார்த்தார். சுவிட்சும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சட்டென்று வீட்டுக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ‘சமாளிச்சுக்குவேன்’ என்று சொன்னவரின் எலும்பும் தோலுமான அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அக்கா நினைத்ததில்லை.

“நிறுத்தலைங்க. நம்பர்தான் பார்க்கிறேன்.”

பிடி தளரவில்லை. அக்கா இழுத்துக்கொள்ளவும் இல்லை. கையை அப்படியே அவரிடம் விட்டுவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, மெஷினின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டில் பார்த்த எண்ணை அவருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்.