'ப்ரொடெக்ட்' பெட்டியில் ஒரு சீட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவரைச் சீட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வருகிறவர்கள், சீட்டாட்டத்தில் கெட்டிக்காரர் போலும் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருடைய சீட்டுகள் வேறு. உள்ளங்கை அகலத் தாள், அதில் யாரோ எங்கோ பேசிய ஒரு வாக்கியம். கீழே கேட்ட இடம், சொன்னவர் யார், கேட்டு எழுதியவரின் முதலெழுத்து. மாணவர்களுக்கான ஆங்கில அகராதியில் ஒரு சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் முன், சனங்கள் அதை வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்று இப்படித்தான் சேர்க்கிறோம். தன் காதால் கேட்டதை மட்டுமே எழுத வேண்டும். அந்த ஒன்றில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது.

இருபத்திரண்டு வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் இரண்டு பேர் சண்டை போட்டால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் போவார். மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாளில் நர்ஸ் வாயிலிருந்து ஏழு சீட்டு கொண்டுவந்தார். "அவ நிக்கறா, பாத்துப் பேசு, எழுதிடுவா" என்று சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்களாம். அதையும் எழுதி வைத்திருந்தார்.

கணவரைப் பற்றி யாராவது கேட்டால், "அவருக்கு வேற வீடு இருக்கு" என்பார், டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தபடியே. மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது அந்த வேற வீடு வந்தது. மகளுக்கு இப்போது பதினெட்டு. இன்னும் பாப்பாதான். பாப்பா சைக்கிள் தொட்டதில்லை. பாப்பாவின் தண்ணீர் பாட்டிலில் எப்போதும் வெந்நீர். பள்ளிப் படிப்பு முடிந்து பரீட்சை முடிவும் வந்த பிறகு, வீட்டில் தனியாக விட மனமில்லாமல், மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகம் வந்துவிட வேண்டும், சாயங்காலம் அம்மாவோடு திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு. தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றதும் அக்கா மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். அந்தப் பெண் அம்மாவைவிட ஒரு சாண் உயரம்.

போன வருடம் டீச்சர் வேலைக்கு வந்தார். முன்பு மழலையர் பள்ளியில் இருந்தவர், அதனால் அந்தப் பெயர். அவர் ஒட்டுக்கேட்பதே இல்லை. ஆட்கள் தாமாக வந்து அவரிடம் கொட்டுவார்கள். வாரத்துக்கு நாற்பது சீட்டு. ஒருநாள் அகராதியின் பதிப்பாசிரியர், நாங்கள் சார் என்பவர், எல்லோர் முன்பாகவும் சொல்லிவிட்டார்: "டீச்சர் சீட்டுல உசுரு இருக்கும்மா." சீட்டக்கா அன்று சாப்பிடவில்லை.

"காதுல விழறது ஒண்ணு. வாயக் கிண்டி வாங்கறது ஒண்ணு" என்றார் என்னிடம், டீச்சருக்குக் கேட்கும்படி.

"நான் எங்கக்கா கிண்டறேன், அவங்களே சொல்றாங்க" என்றார் டீச்சர்.

"ஆமா, உங்க முகராசி."

சீட்டில் இருந்த பேர் போனாலாவது பரவாயில்லை. ஸ்டூலும் போய்க்கொண்டிருந்தது. பாப்பா உட்காரும் ஸ்டூல் முதலில் அம்மா மேசையை ஒட்டி இருந்தது. தினம் ஒரு சாண் நகர்ந்து நகர்ந்து டீச்சர் மேசைக்கே போய்விட்டது. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். ஊரார் பேச்சையெல்லாம் எட்டிப் பிடிக்கிற காது, எட்டடி தள்ளி மகள் பேசுவதைப் பிடிக்க முடியாமல் தவித்தது. அக்கா ஒரு சாயங்காலம் ஸ்டூலை இழுத்துவந்து தன் மேசைக்கடியில் தள்ளினார். மறுநாள் மதியம் அது மறுபடியும் அங்கே. மகளை இவள் தட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயத்தில் அவர் கை பென்சிலை இரண்டு பக்கமும் சீவிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் 'ப்ரொடெக்ட்' என்ற சொல் அக்கா பங்குக்கு வந்தது. எங்களிடம் ஒரு சொல் யார் பங்கோ, அவர் பெட்டிதான் அதற்கு வீடு. மற்றவர்கள் சீட்டுப் போடலாம். வேண்டாமென்றால் பெட்டிக்காரர் காரணத்தைச் சீட்டின் பின்பக்கம் எழுதித் திருப்பித் தர வேண்டும்.

அக்கா அதில் மூழ்கிவிட்டார். மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு விளக்கினார். "காப்பாத்துன்னா ஆபத்து வந்து வாசல்ல நிக்குது தம்பி. பாதுகான்னா இன்னும் வரல. பாத்துக்கோன்னா வருமான்னே தெரியாது, ஆனா வயித்தக் கலக்குது. மழைக்குக் குடை நம்மள பாதுகாக்குதுன்னு யாராச்சும் பேசறாங்களா? நனையாம போலாம்னுதான் சொல்வாங்க." பேணு, அரவணை, அண்டவிடாமல் பார், போர்த்திவை, தற்காத்துக்கொள் என்று பெட்டி நிறைந்தது. டீச்சர் போட்ட சீட்டு ஒன்பதும் திரும்பிவந்தன. 'செயற்கை.' 'நாடகத்தனம்.' ஒன்றில் வெறுமனே 'தேவையில்லை.'

டீச்சரின் பத்தாவது சீட்டை ஒரு புதன்கிழமை காலையில் எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன்.

'என்னைப் பொத்திப் பொத்தி வளர்த்துட்டாங்க. தனியா ரோடு தாண்டச் சொன்னா இப்பவும் கால் நடுங்குது.' கேட்ட இடம்: அலுவலக மாடிப்படி. சொன்னவர்: பதினெட்டு வயதுப் பெண்.

அக்கா சீட்டைத் திருப்பினார், காரணம் எழுத. பென்சில் வெகுநேரம் அப்படியே நின்றது. நல்ல சீட்டு அது. பொத்தி வளர்ப்பது என்ற பொருள் பெட்டியில் இல்லை. கடைசியில் ஒன்றும் எழுதாமல் பெட்டிக்குள் போட்டார்.

மதியம் பாப்பா வந்து நேரே டீச்சர் பக்கம் போனாள்.

"இங்க வாடி."

"என்னம்மா?"

"மாடிப்படியில சொன்னியாமே, அத என்கிட்டச் சொல்லு."

பாப்பா டீச்சரைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? பெத்தவ இங்க இருக்கேன்."

"அது சும்மா சொன்னதும்மா."

"சும்மா சொல்றதத்தான் இங்க எழுதறோம். என் காதால கேக்கணும். அப்பதான் என் பேருல சீட்டு போட முடியும். சொல்லு."

"சீட்டுக்காகவா கேக்கற?" பாப்பா அம்மா மேசையருகே வந்தாள். "சரி, எழுதிக்கோ. காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டு நீ காவல்தாம்மா காக்கற. நான் என்ன திருடியா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்காவின் கை பழக்கதோஷத்தில் வெற்றுச் சீட்டை எடுத்துவிட்டது. எடுத்தது தெரிந்ததும் கசக்கிவிட்டார்.

பாப்பா பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அம்மா முன் வைத்தாள். வெளியூர்க் கல்லூரி, விடுதியில் தங்கிப் படிப்பு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். "உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

அக்கா கல்லூரியின் பெயரைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தார். வால் சுருண்ட அந்த 'ழ'வை டீச்சரின் பத்துச் சீட்டிலும் பார்த்திருக்கிறார்.

"இத யாரு பூர்த்தி பண்ணது?"

அக்காவின் விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. தந்தை பெயர் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

"இதையும் சொல்லியாச்சா அவங்ககிட்ட?"

"அவங்க கேட்டாங்க. நீ என்னைக்காவது கேட்டிருக்கியா, எனக்கு எப்படி இருக்குன்னு?"

"தப்புன்னா மன்னிச்சிடுங்கக்கா" என்றார் டீச்சர்.

அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "வேற ஃபாரம் இருக்கா?"

"எதுக்கும்மா?"

"இருக்கா, இல்லையா?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "தப்பாயிடுமோன்னு ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சேன்."

"எல்லாத்துலயும் முன்ஜாக்கிரதை" என்று அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார் அக்கா. டீச்சர் எழுதியதை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். பேனா மூடியைக் கழற்றினார்.

"அப்ப போலாமாம்மா?"

"போனா நான் அனுப்பிப் போகணும். ஊரான் எழுத்துல என் பொண்ணு எங்கயும் போக வேண்டாம். குறுக்க பேசாத, அடிச்சுத் திருத்தினா ஏத்துக்க மாட்டான்."

அச்சு மாதிரி எழுதினார். தந்தை பெயர்க் கட்டத்தில் பெயரை முழுசாக, முதலெழுத்தோடு எழுதினார். ரத்த வகை, அம்மைத் தழும்பு, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் மனப்பாடம். மூன்றாம் பக்கத்தில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள இரண்டு பேர் என்றிருந்தது. முதல் வரியில் தன் பெயர். இரண்டாவது வரியில் பேனா நின்றது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அவர் முகத்தில் வந்து போனார்கள்.

"டீச்சர்" என்றார் தலையைத் தூக்காமல். "உங்க நம்பர் சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். அக்கா ஒவ்வொரு இலக்கமாக எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினார். அடுத்த கட்டத்தில் உறவுமுறை கேட்டிருந்தது.

"சித்தின்னு போடும்மா" என்றாள் பாப்பா மெதுவாக.

"சித்தியாம்!"

உதட்டைச் சுழித்துக்கொண்டு குனிந்து, கட்டம் கொள்கிற அளவுக்குப் பெரிதாக, 'தெரிந்தவர்' என்று எழுதினார் சீட்டக்கா.