மணல் மூட்டையும் இரண்டு பெடலும்

இன்னும் விற்பனைக்கே வராத ஒரு மின்சாரக் காருக்காக எங்கள் குவார்ட்டர்ஸில் வருஷம் முழுக்க வாக்குவாதம். என் கணவருக்கும் எதிர்வீட்டு அண்ணனுக்கும் ஆவடியில் கனரக வண்டிகள் செய்யும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்று ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன பேட்டரியா, பெரிய பேட்டரியா? கண்ணாடிக் கூரை எல்லா மாடலுக்கும் உண்டா, டாப் மாடலுக்கு மட்டுமா? பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற கதைதான்.

எனக்கோ வயிற்றெரிச்சல். சின்ன வயதில் போலியோ வந்த என் இடது கால் கிளட்சை மிதிக்காது. அதனால் கிளட்ச் இல்லாத வண்டியில் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டேன். ஓட்டத்தான் வண்டி இல்லை. நான் டீச்சராக இருக்கும் பள்ளி குத்தம்பாக்கத்தில். இவர் கொண்டுபோய் விட்டால் உண்டு; இவர் ஷிப்ட் மாறினால் எனக்கு லீவு. இனியும் லீவு போட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வண்டி கேட்டால், "பொறு, பெரிய பேட்டரி வருதான்னு தெரியட்டும்" என்பார். இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரே வெள்ளானூர் டீக்கடை வாசலில் நிற்பதாகச் செய்தி வந்தது. மூவரும் உடனே கிளம்பினோம். சோதனை ஓட்டத்துக்கு வந்த வண்டி, வடிவம் தெரியாமலிருக்க உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர். கனரக வண்டிக்காரர்களுக்கு எதையும் எடை போட்டுப் பார்த்தே பழக்கம். அண்ணன் குனிந்து பின் டயரைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, டயர் இன்னாமா அமுங்கிக் கீது பாரு! பெரிய பேட்டரிதான். டாப் மாடலே வந்துகீது!"

இவரும் குனிந்து பார்த்து, "சந்தேகமே இல்லை" என்றார்.

டீ கிளாஸோடு வந்த டிரைவர் சிரித்தார். "சார், பின்னால மணல் மூட்டை கீது. ஆள் ஏறின வெயிட்டுக்குப் போட்டுகினு ஓட்டறோம்."

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நான் அதற்குள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்துவிட்டேன். இரண்டே பெடல்; கிளட்ச் இல்லை.

"எப்போ விற்பனைக்கு வரும்?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அது எங்களுக்கே தெரியாதும்மா."

அதோடு என் பொறுமை போய்விட்டது. மறுநாள் சாயந்திரமே இவரை அம்பத்தூரில் ஒரு ஷோரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏற்கெனவே விற்பனையில் இருந்த வேறொரு சின்ன மின்சாரக் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஷோரூம் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வலது காலால் அழுத்தினேன். சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் திருப்பினேன். இவர் பின் சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டார்: "இதுல பேட்டரி எவ்வளவு?"

அந்தப் பெண் பதில் சொல்லத் திரும்பினாள். நான் முந்திக்கொண்டேன்.

"குத்தம்பாக்கம் போயிட்டு வர்ற அளவுக்கு இருக்கு."