ரயிலுக்கு அடியில் ஒரு கல் லாரி

சின்ன ரயில் செய்கிறவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் தன் மேசை ரயிலைப் படமெடுத்துப் போடுவார். நிஜமா பொம்மையா என்று மற்றவர்கள் சண்டை போடுவார்கள். சாயங்காலம்வரை படம் போட்டவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு அதே காட்சிக்குள் தன் கையை நீட்டி இன்னொரு படம் போடுவார். ‘கை வைப்பது’ என்று அதற்குப் பெயர். நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போனது.

மற்றவர்கள் பாலம், மலை, மழையில் நனைந்த ஸ்டேஷன் என்று செய்வார்கள். எனக்கு மோதல்தான் நன்றாக வரும். ஓசூரில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை எனக்கு. தகடு எங்கே மடியும், எங்கே கிழியும் என்று தினமும் பார்க்கிற கண். தடம் புரண்ட பெட்டி, குப்புறக் கிடக்கும் டேங்கர், எருமையை அடித்துவிட்டு நிற்கும் எஞ்சின். குழுவில் என்னை ‘ஆக்சிடென்ட் அண்ணன்’ என்பார்கள்.

அந்த ஞாயிறு நான் போட்டது, ராயக்கோட்டைப் பக்கத்து ரயில்வே கேட்டில் ஒரு கல் லாரியை எஞ்சின் இடித்து இழுத்துப்போகும் காட்சி. எங்கள் தெருக்கோடியில் நிற்கும் லாரியைப் பார்த்து அதைச் செய்திருந்தேன். பச்சை கேபின், கதவில் வெள்ளைக் குதிரைப் படம். கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி கேபினாக்கி, குறடால் நசுக்கினேன். மேலே ஏற்றியது பர்கூர் கல்லின் நிஜச் சில்லு. பஞ்சில் கரியைத் தேய்த்துப் புகை. தண்டவாளம் பதித்த பலகையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், பின்னால் நிஜ வானமும் நிஜக் கரட்டுக் குன்றும் தெரியும்படி வைத்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்டவாளத்தோடு ஒட்டி இருக்கும். படம் ஆள் நின்று பார்ப்பதுபோல் வரும். அப்படித்தான் எடுத்தேன்.

குழுவிலிருந்து அதை வெளியே அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. தெருக்கோடி லாரிதான் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பிழைப்பு. அண்ணன்காரன் சொந்தக்காரன், தம்பி ஓட்டுகிறவன். தம்பி விடியற்காலையில் பர்கூருக்குக் கல் ஏற்றப் போயிருந்தான். அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். படத்தைப் பார்த்த அவர்கள் அம்மா வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். அண்ணன்காரன் பைக்கை முறுக்கிக்கொண்டு கேட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே ரத்தமும் இல்லை, லாரியும் இல்லை. இதற்குள் என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் அவனைப் போனில் கூப்பிட்டு, அது நான் செய்த பொம்மை என்று சொல்லிவிட்டான்.

பொம்மை என்று தெரிந்ததும் கோபம் தணியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அண்ணன்காரனுக்கு அங்கேதான் பயம் ஆரம்பித்தது.

நான் இன்னும் மொட்டைமாடியில் பலகையோடுதான் இருந்தேன். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நான்கைந்து பேர். முன்னால் அண்ணன்காரன், கையில் வீல் ஸ்பேனர். என்னைவிட வயதில் சின்னவன். பார்க்கும்போதெல்லாம் அண்ணா என்பான்.

“டேய், எவண்டா உனுக்கு துட்டு குட்த்தது? என் தம்பி வண்டிய பொம்மையா செஞ்சி, அத்த நசுக்கி வெச்சிகிறியே, செய்வினையாடா செய்யற?”

“அய்யோ, அதில்ல தம்பி, போட்டோவுக்கு...” என்று ஆரம்பித்தேன். ஸ்பேனர் தோளில் இறங்கியது. வலது கை தொங்கிவிட்டது. விழுந்தவனை வயிற்றில் உதைத்தார்கள். ஒரு செருப்புக் கால் என் கன்னத்தைச் சிமெண்டில் வைத்துத் தேய்த்தது. வாயில் பல் ஒன்று தனியாகப் புரண்டது.

கீழே கதவை வெளியே தாழ் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்து என் மனைவி கத்தினாள்: “டேய், என் வூட்டுக்காரர் மேல கை வெச்ச கைய மொறத்துல அள்ளிக்கினு போவீங்கடா! கதவத் தொறங்கடா, பேமானிங்களா!”

பலகைமேல் என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கூட வந்தவர்களில் ஒருவன் எடுத்து உரக்கப் படித்தான். “‘நிஜம்தான், அந்தப் புகையைப் பாருங்க.’ ‘டிரைவர் செத்திருப்பான், பந்தயம்.’” மேலே படிக்க அவனால் முடியவில்லை.

அண்ணன்காரன் என் முடியைப் பிடித்துப் பலகைக்கு இழுத்தான்.

“ரயில பின்னால எடு.”

இடது கையால் ரயிலை ஓட்டும் குமிழைத் திருப்பினேன். எஞ்சின் மெல்லப் பின்னால் போனது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் குனிந்து, அது லாரியை விட்டு விலகுவதைப் பார்த்தார்கள்.

“இப்ப வண்டிய நிமித்து. எப்பிடி இருந்திச்சோ அப்பிடி ஆக்கு.”

“அது டின்னு தம்பி. நசுங்கினது நசுங்கினதுதான். நிமித்தினா கிழியும்.”

“கிழிஞ்சா உன்ன இங்கிருந்து கீழ போட்ருவேன்.”

சொன்னதைச் செய்கிற முகம்தான். குறடைக் கையில் கொடுத்தான். வாயிலிருந்து ரத்தம் பலகைமேல் சொட்ட, கேபினின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரு மடிப்பு திறந்தது. இன்னொன்று. கதவுக் குதிரை வெளியே வந்தது. டிரைவர் பக்கத்தில் இழுக்கும்போது தகடு சர்ரென்று கிழிந்தது. தம்பியின் உடம்பே கிழிந்ததுபோல் அண்ணன்காரன் தன் விலாவைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

அடுத்தது எனக்குத் தெரிந்தபோது என் முதுகு கைப்பிடிச் சுவரின்மேல் இருந்தது, தலை தெருப்பக்கம் வெளியே தொங்கியது. கழுத்தில் அவன் விரல்கள். தெரு தலைகீழாகத் தெரிந்தது. “பிடு அண்ணா, பேடா, சத்தோக்தானே!” என்று எதிர்வீட்டுக்காரர் கன்னடத்தில் கெஞ்சினார். செத்துவிடுவான் என்று அவர் சொன்னது என்னைத்தான். எனக்கு அப்போது ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: அந்தத் தம்பி எங்கிருந்தாலும் உயிரோடு இருக்க வேண்டும். அவன் செத்தால் நானும் இந்தச் சுவரோடு சரி.

தலைகீழாகத் தெரிந்த தெருமுனையில் பச்சையாக ஒன்று திரும்பியது. ஹாரன் அடித்தது.

கழுத்தில் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு என்னை உள்பக்கம் இழுத்துத் தரையில் போட்டான். மூச்சு வாங்கினான். ஆத்திரம் தீராமல் என் முகத்தில் ஓங்கி ஒன்று விட்டான். அதுவரை வாங்கியதில் அதுதான் பலமான அடி. அப்புறம் பலகையிலிருந்து அந்தச் சின்ன லாரியை இரண்டு விரலால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் ஓடினான்.

சுவரைப் பிடித்து எழுந்து எட்டிப் பார்த்தேன். தம்பி கேபினிலிருந்து ஒரு காலைத்தான் இறக்கியிருந்தான். அண்ணன் அவனைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்து, முட்டியால் தொடையில் இடித்து, தலையால் நெஞ்சில் முட்டினான்.

“எங்கடா போன்? எங்கடா தொலஞ்ச?”

“குவாரில சார்ஜ் போச்சிணா! இன்னா ஆச்சி உனுக்கு? அய்யோ, அடிக்காதண்ணா!”

அடித்ததெல்லாம் ஒரு கையால்தான். இன்னொரு கையில் இருந்த சின்ன லாரி சாயாமல் தூக்கிப் பிடித்திருந்தான். அழுதுகொண்டே தம்பியின் முதுகிலும் குத்தினான். குத்திய கையாலேயே திரும்பச் சட்டையை இறுக்கிக்கொண்டான்.

“அண்ணா, வுடுண்ணா. சட்ட கிழியுது.”

“கிழியட்டும்டா” என்றான். விடவில்லை.